குப்பை வண்டியில் போன மருந்து

எண்ணெய் தேய்த்த ஆளைப் பிடித்து வைப்பதும் விலாங்கு மீனைப் பிடித்து வைப்பதும் ஒன்றுதான். குற்றாலத்தில் சீசன் டியூட்டி பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். அருவிக்கரையில் எண்ணெய்க்காரர்கள் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெயை வழியவிட்டு, தட்டி, நீவி, முதுகில் நாலு சாத்து சாத்தி ஆளை அனுப்பிவைப்பார்கள். அந்த ஆள் நேராக அருவியில் போய் நின்றால் எங்களுக்கு வேலை இல்லை. நடுவில் பாறை வழுக்கினால் எங்களிடம் வந்து சேருவார்.

நான் தென்காசியில் ஆஸ்பத்திரி நர்ஸ். சாரல் விழத் தொடங்கியதும் எங்களில் சிலரை மெயின் அருவிக்குப் பக்கத்தில் போடும் முதலுதவி முகாமுக்கு முறை வைத்து அனுப்புவார்கள். எனக்கு அந்த டியூட்டி பிடிக்கும். வார்டு வாடை கிடையாது. வெளியே எட்டிப் பார்த்தால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கும், நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற வாசம் வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். குற்றாலத்தில் ஒரு வாரம் இருந்தால் அந்தக் கோபம்கூடக் கொஞ்சம் நனைந்து தணியும்.

அன்று மத்தியானம் ஒருவரை நண்பர்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நெற்றி பிளந்து ரத்தம் மூக்கு வழியாக முகவாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய். வாயில் எண்ணெய் அல்லாத இன்னொன்றின் நெடி. தையல் போடுமுன் மரத்துப்போவதற்கு ஊசி போட வேண்டும். டியூட்டி டாக்டர், படிப்பு முடித்து வந்து அதிக காலம் ஆகாத பையன், காயத்தின் ஓரத்தில் ஊசியை இறக்கினார். நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருந்தேன்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் அசையாம இருங்க" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அவர் ஒரு திமிறு திமிறினார். தலை என் கையிலிருந்து சோப்புக் கட்டி போல நழுவியது. அவர் நெற்றியிலிருந்து வெளியே வந்த ஊசி என் கையுறையைத் துளைத்துக்கொண்டு இடது கை ஆள்காட்டி விரலில் ஆழமாக இறங்கியது.

வலி ஒன்றும் பெரிதில்லை. கையுறையைக் கழற்றினால் விரல் நுனியில் குன்றிமணி அளவுக்கு ரத்தம். டாக்டருடைய முகம்தான் வெளுத்துப்போயிற்று. "சிஸ்டர், நீங்க மொதல்ல குழாய்க்குப் போங்க" என்றார். விரலைப் பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றி, மேலே ஸ்பிரிட்டை ஊற்றத்தான் எனக்குக் கை பரபரத்தது. அது தப்பு என்று பயிற்சிக்கு வரும் பெண்களுக்குத் தொண்டை கிழியப் பாடம் எடுத்தவள் நான். பிதுக்கக் கூடாது, எரிகிற எதையும் ஊற்றக் கூடாது, ஓடுகிற தண்ணீரும் சோப்பும் போதும். குழாயடியில் நின்று கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் அருவி இரைந்தது. இவ்வளவு தண்ணீர் விழுகிற ஊரில் ஒரு விரலைக் கழுவி முடிக்க முடியவில்லையே என்று அழுகை வந்துவிட்டது.

டாக்டர் அவருக்குத் தையலை முடித்துவிட்டு, தலையில் அடி என்பதால் தென்காசிக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும், சம்மதித்தால் அப்படியே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம், இந்த சிஸ்டருக்கு உதவியாக இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். "அதுக்கென்ன சார், வாரோம்" என்று நண்பர்கள் தலையாட்டினார்கள். முகாம் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் தலையாட்டிய கூட்டம் தங்கள் வேனில் ஏறிப் போய்விட்டது. அவர்கள் கொடுத்த நம்பருக்கு அடித்தால் யாரோ ஒரு அம்மா எடுத்து, இது அரிசிக் கடை, என்ன அரிசி வேண்டும் என்று கேட்டார். அந்த மனிதருக்கு நோய் இருந்தது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் தண்ணி போட்ட விஷயம் தெரிந்துவிடும் என்று பயந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த வசவை எழுதினால் தாள் கறுத்துவிடும்.

"டியூட்டிய முடிச்சிட்டுப் போய்க்கிடுதேன் சார்" என்றேன். ஊசி குத்தினால் எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வதுதான் இது.

"இப்பமே போங்க. இந்த மருந்து எவ்வளவு சீக்கிரம் உள்ள போவுதோ அவ்வளவு நல்லது. ஒங்களுக்குத் தெரியாததா?" என்று டாக்டர் என்னை வண்டியில் ஏற்றிவிட்டார். தெரியும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கிற மாத்திரை அது, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, மூன்று நாள் தாண்டினால் போட்டும் பயனில்லை. தெரிந்து என்ன செய்ய? சீசன் நெரிசலில் வண்டி ஆமையாக நகர்ந்தது. முன்னால் போன வேன் ஒவ்வொன்றும் அந்த எண்ணெய் மனிதரின் வேனாகவே எனக்குத் தெரிந்தது.

எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் இடத்துக்கு எங்கள் ஊர்ப்பக்கம் நம்பிக்கை மையம் என்று பெயர். அங்கே ஆலோசகராக இருக்கும் பெண்ணும் நானும் கேன்டீனில் வடையைப் பிய்த்துத் தின்கிற சிநேகிதம். அன்று அவள் மேசைக்கு எதிரே, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். தினமும் பார்க்கிற அதே நாற்காலிதான், ஆனால் அதில் உட்கார்ந்து பார்த்தால் அறையே வேறாக இருந்தது.

"இது நோய்க்கு மருந்து இல்ல சிஸ்டர். நோய் வராம இருக்கதுக்கு மருந்து" என்று அவள் எனக்குத் தெரிந்ததையே எனக்குச் சொன்னாள். அவள் சொல்லிக் கேட்கத் தேவையாக இருந்தது. "கிருமி ஒருவேள உள்ள போயிருந்தாலும் உடனே குடியேறிராது. நாத்து வேர் பிடிக்கதுக்குள்ள பிடுங்கிப் போடுத மாதிரிதான் இது. தெனம் ஒரு மாத்திர, நாலு வாரம். ஒரு நாள்கூட விடக் கூடாது."

ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் ஒன்றுக்கு நான் ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தேன். இன்னொன்றுக்குத் தடுப்பூசியே கிடையாது, காத்திருந்து பரிசோதிப்பது ஒன்றுதான் வழி. மருந்து தருமுன் கர்ப்பமா என்றும் பார்த்தார்கள். ஒற்றைக் கோடு, இல்லை என்று அர்த்தம். அந்த ஒற்றைக் கோட்டை நான் எத்தனையோ முறை பார்த்தவள் என்பதால் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

"கடைசி டெஸ்ட் மூணு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் குழந்தைக்கு முயற்சி பண்ணாதீங்க" என்றாள் தோழி. அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார், வடக்கே எங்கோ பனியில். சித்திரையில் லீவுக்கு வந்து போனவர் இனித் தீபாவளிக்குப் பிறகுதான் வருவார். கடைசிப் பரிசோதனை அதற்குமுன் வந்துவிடும். அது நல்லபடியாக முடிந்தால் அந்த லீவு எங்களுக்கு. முடியாவிட்டால் அதுவும் இல்லை. நோயைவிட அந்த லீவுதான் எனக்கு அப்போது பெரிதாகத் தெரிந்தது என்று சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு, வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் நானும் அத்தையும் மட்டும்தான். அத்தை என்றால் என் மாமியார். மாமா இறந்த பிறகு வீரகேரளம்புதூரில் இருக்கும் வயலைப் பாட்டத்துக்கு விட்டுவிட்டு, தென்காசியில் என்னோடு வந்து இருக்கிறார். நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளாத மாமியார் மருமகள் என்று பொய் சொல்ல மாட்டேன். குழம்பில் புளி கூடினதற்கும் சண்டை, குறைந்ததற்கும் சண்டை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் சண்டை விளையாட்டில்லை. கல்யாணமான மறுவருஷம் எனக்கு ஒரு தடவை தங்கி, இரண்டாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. அந்தச் சமயத்தில் காய்ச்சலுக்கு நான் மாத்திரை சாப்பிட்டிருந்தேன். அதனால் கலையவில்லை என்று டாக்டரம்மா சொல்லியும் அத்தை கேட்கவில்லை. "மாத்திர சூடு. அதான் புள்ளய எரிச்சிட்டு" என்பதுதான் அவர் தீர்ப்பு. அன்று முதல் நான் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டாலும் அத்தையின் முகம் சுண்டிவிடும்.

இப்படிப்பட்டவரிடம் போய் இந்த மாத்திரையின் கதையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த நோயின் பேரைக் கேட்டாலே ஜனங்கள் செருப்பைக்கூடத் தள்ளிப் போடுவதை ஆஸ்பத்திரி வராந்தாவில் தினமும் பார்க்கிறவள் நான். வீட்டுக்காரருக்கு மட்டும் போனில் சொன்னேன். அவர், எந்தக் கை, எந்த விரல் என்று கேட்டார். பிறகு, "மாத்திரய ஒழுங்காப் போடு. மத்தத நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்றார். நான் ஏதோ வீட்டுக் கூரையில் ஓடு மாற்றச் சொன்னதுபோல இருந்தது அவர் பதில். ஆனாலும் போனை வைத்ததும் மூச்சு இலேசாயிற்று. "அம்மைட்ட சொல்லிரட்டுமா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

மாத்திரை பலருக்கு ஒன்றும் செய்யாது. எனக்குக் குமட்டியது. காலையில் பலகாரம் முடித்து மாத்திரையைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் புழக்கடைக்கு ஓடுவேன். பல நாள் வெறும் ஓங்கரிப்புதான், வாய் கொப்பளித்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிடுவேன்.

அப்போதுதான் அத்தை மாறினார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். கட்டில் ஓரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார். நார்த்தங்காய் ஊறுகாய் கேட்காமலே தட்டுக்கு வந்தது. வாங்கி வைத்திருந்த பப்பாளி காணாமல் போயிற்று. குழம்பில் புளி கூடியும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் நான் ஓங்கரித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது முதுகைத் தடவிவிட்டு, "நான் ஒண்ணும் கேக்க மாட்டேம்மா. கேக்கவும் கூடாது. நீயாச் சொல்லுத நேரம் சொல்லு, போதும்" என்றார்.

வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அம்மாவிடம் சொல்லிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு அத்தையைப் பார்க்கப் பார்க்கக் கோபம் போய்விட்டது. விஷயம் தெரிந்தும் இவ்வளவு பிரியமாக இருக்கிறாரே, இவரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று உருகிப்போனேன். எல்லாம் புரிந்த இரண்டு பெண்கள் நாகரிகமாக ஒன்றும் பேசாமல் இருப்பதாக எண்ணிக்கொண்டு அந்த நாட்களைக் கடத்தினேன்.

அத்தை எண்ணியது வேறு. எனக்கு மாதக் கணக்கு எப்போதுமே ஒழுங்காக வராது, அது அவருக்கும் தெரியும். மகன் சித்திரையில் வந்துபோனதை விரல்விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். மருமகள் காலையில் வாந்தி எடுக்கிறாள். கணக்குச் சரியாக வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாசம் மூன்று நிறையும்வரை யாரும் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் கண் பட்டுவிடும். முன்பு ஒரு தடவை அவசரப்பட்டு ஊரெல்லாம் சொல்லிக் கையைச் சுட்டுக்கொண்ட அத்தை, இந்தத் தடவை என்னிடம்கூடக் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்திருக்கிறார். பக்கத்து ஊரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பண்பொழி மலையேறி, முருகனிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மலையேறி வந்த மறுநாள் காலை, தோசையைத் தின்றுவிட்டு அலமாரியைத் திறந்தால் டப்பாவைக் காணோம். தட்டைத் தள்ளி, துணியைக் கலைத்து, பையைக் கவிழ்த்துத் தேடினேன்.

"அத்த, இங்கன ஒரு வெள்ள டப்பா வச்சிருந்தேன், பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் அத்தை அடுப்பங்கரையிலிருந்து, நிதானமாக. "குப்ப வண்டில போட்டுட்டேன்."

தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டுச் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது. நான் நைட்டியோடு, செருப்பில்லாமல் ஓடினேன். தெருவில் எல்லா வாசலிலும் ஆள். தென்காசியில் ஒரு தெரு நர்ஸம்மா குப்பை வண்டிக்குப் பின்னால் தலைவிரி கோலமாக ஓடுவதை அன்றுதான் பார்த்தது. எனக்குப் பின்னால் அத்தை வாசலில் நின்று அலறினார்:

"ஏட்டி, ஓடாத! வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு ஓடாதட்டி!"

என் கால் அப்படியே நின்றுவிட்டது. வண்டி முனை திரும்பிப் போய்விட்டது. எலுமிச்சம்பழம், நார்த்தங்காய், பப்பாளி, முதுகைத் தடவினது எல்லாம் ஒரே நொடியில் வேறு அர்த்தமாக மாறி என் முன்னால் நின்றன. நடுத்தெருவில் எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா, இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். அத்தை எனக்கு முந்திக்கொண்டார். "நீ மாத்திரய முழுங்குதத எத்தன நாளுதான் பாத்துக்கிட்டுச் சும்ம இருக்கது? போன தடவ பட்டது போதாதா? நர்ஸுக்குப் படிச்சவளுக்கு இதுகூடவா தெரியல?"

"அத்த, வயித்துல ஒண்ணும் இல்ல."

"என்னட்டி சொல்லுத?"

"புள்ள இல்ல அத்த. அந்த மாத்திரதான் கொமட்டுது."

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. குற்றாலம், எண்ணெய் மனிதர், ஊசி, விரல், வேன், எல்லாவற்றையும் கொட்டினேன். நோயின் பேரையும் சொன்னேன். அத்தையின் கை தானாக முந்தானையை இழுத்து வாயைப் பொத்தியது. "வரல அத்த. வராம இருக்கத்தான் அந்த மருந்து. இது தொட்டா ஒட்டாது, ஒரே வீட்ல இருந்தா ஒட்டாது, சேந்து சாப்பிட்டா ஒட்டாது" என்று, நோயாளிகளின் வீட்டு ஆட்களிடம் சொல்கிற அதே வாக்கியங்களை அத்தையிடம் சொன்னேன். "சரி, சரி" என்று தலையை ஆட்டினார். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அப்பம் புள்ள இல்லையா?"

"இல்ல."

அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் செத்துப்போவனோன்னு பயந்துகிட்டுக் கெடக்கேன், ஒங்களுக்குப் புள்ளதான் பெருசாத் தெரியுதா?" என்று கத்தினேன். அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். அடிபட்ட முகம். அந்த முகத்தைப் பார்த்ததும், இருக்கிற ஒரு மருமகளும் போய்விடுவாளோ என்ற பயத்தையும், பேரப்பிள்ளை இல்லை என்ற சேதியையும் ஒரே மூச்சில் இவர் தலையில் நான் போட்டுவிட்டேன் என்பது உறைத்தது.

"இன்னைக்கு முழுங்க வேண்டியது முழுங்கியாச்சா?" என்று கேட்டார்.

"எங்க முழுங்க? அதான் குப்பைல போயிட்டே."

"வேற எங்கன கெடைக்கும்?"

"ஆஸ்பத்திரிலதான்."

"பின்ன என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்க? சேலயக் கட்டு" என்று எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, தெருவுக்குப் போய் ஆட்டோவை அவரே கைதட்டி நிறுத்தினார்.

நம்பிக்கை மையத்தில் என் தோழி கதையைக் கேட்டுச் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சில மணி நேரம் தள்ளிப்போனால் பரவாயில்லை, நாள்தான் தவறக் கூடாது என்று சொல்லிப் புது டப்பா தந்தாள். நான் கையை நீட்டுவதற்குள் அத்தை வாங்கிக்கொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும்மா. தொலச்சவ நாந்தான, நானே காப்பாத்துதேன்" என்றார்.

காப்பாற்றினார். டப்பா பூஜை அலமாரியில் திருநீறு வைக்கும் மரவைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. தினமும் காலைப் பலகாரம் முடிந்ததும் ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்பார். விழுங்கினால் போதாது, "ஆ காட்டு" என்பார். நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். என் வார்டில் நான் நோயாளிகளைப் படுத்தியதற்கெல்லாம் சேர்த்து வட்டியும் முதலுமாக வீட்டில் வாங்கிக்கொண்டேன். குமட்டல் ஓரிரு வாரத்தில் அடங்கிவிட்டது. தெருவில் யாராவது, "மருமவ எப்படி இருக்கா, எத்தனாவது மாசம்?" என்று கேட்டால் அத்தை பூசி மெழுகவில்லை. "அது நான் தப்பா நெனச்சது. ஆஸ்பத்திரில அவளுக்கு ஊசி குத்திட்டு, அதுக்கு மருந்து சாப்பிடுதா" என்று பட்டென்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவார். ஆனால் வந்த பிறகு துடைத்த பாத்திரத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருப்பார். அது எதனால் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு புதுப் பழக்கமும் வந்தது. அதுவரை அவர் முன்னால் சாப்பிடுவார், நான் பின்னால் சாப்பிடுவேன், அவரவர் தட்டு அவரவருக்கு. இப்போது சாயங்காலம் நான் வந்ததும் ஒரே தட்டில் சோற்றைப் பிசைந்து எனக்கொரு உருண்டை, அவருக்கொரு உருண்டை என்று உட்கார்ந்துவிட்டார். நான் மோரைப் பாதி குடித்து வைத்தால் மீதியை எடுத்து மடமடவென்று குடித்துவிடுவார். எனக்கு அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள். இந்த வயசில் கையில் உருண்டை வாங்கித் தின்கிற சுகத்தை நான் வெட்கமில்லாமல் அனுபவித்தேன்.

மாத்திரை முடிந்தது. நடுவில் எடுத்த பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் கடைசிப் பரிசோதனைதான் முடிவு என்பதால் நாங்கள் யாரும் அதைக் கொண்டாடவில்லை. ஆடிச் சாரல் நின்று, குற்றாலத்தில் கூட்டம் வடிந்து, ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் லீவு கிடைத்துவிட்டது என்று போன் செய்தார். கடைசிப் பரிசோதனை எந்தத் தேதி என்று மட்டும் கேட்டார்.

கடைசிப் பரிசோதனை அன்று அத்தையும் என்னோடு கிளம்பினார். மழையில் வராதீர்கள் என்றால் கேட்கவில்லை. வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எத்தனையோ பேரை இதே பெஞ்சில் "பயப்படாதீங்க, உக்காருங்க" என்று அதட்டிவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். பயப்படாதே என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அன்று புரிந்தது. அத்தை உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். முருகனிடம்தான் பேசியிருக்க வேண்டும்.

தோழி கதவைத் திறந்தாள். எங்கள் வேலையில் நல்ல சேதியைக்கூட முகத்தில் காட்டக் கூடாது, உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும். அந்த ஒழுங்கையெல்லாம் அவள் காற்றில் விட்டுவிட்டாள். கதவைத் திறக்கும்போதே பல்லெல்லாம் தெரிந்தது.

"ஒண்ணுமே இல்ல சிஸ்டர். எச்.ஐ.வி. இல்ல, காமால இல்ல, ஒண்ணும் இல்ல. ஒங்க வீட்டு சார் வரட்டும், சந்தோசமா இருங்க" என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்து அதை மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். உடம்பிலிருந்து ஏதோ ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டீங்களா அத்த?" என்றேன். அவர் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை மேசைப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, தோழியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எம்மா, ஒரு காரியம். எனக்கும் ஒருக்கப் பாத்திருங்க."

"ஒங்களுக்கு எதுக்கும்மா?"

"இவ தட்டுலதான தெனமும் சாப்பிடுதேன். இவ குடிச்ச மிச்சத்தத்தான குடிக்கேன். இவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு நீங்க சொல்லுதீக, சந்தோசம். ஆனாலும் நடுவுல எப்பமாவது இருந்து, எனக்கு ஒட்டியிருந்துன்னா? மவன் வாரான். வீட்ல ஒரு சீக்க வச்சிக்கிட்டு இருக்கக் கூடாதுல்லா?"

நான் அவரையே பார்த்தேன். "அத்த, சேந்து சாப்பிட்டா ஒட்டாதுன்னு அன்னைக்கே சொன்னம்லா?"

"சொன்ன. நான் பயந்துரக் கூடாதுன்னு சொல்லுதன்னு நெனச்சேன்."

"ஒட்டும்னு நெனச்சிக்கிட்டா இத்தன மாசமும் என் தட்டுல சாப்பிட்டீங்க?"

"பின்ன?" என்றார் அத்தை, இதென்ன கேள்வி என்பதுபோல. "தனித் தட்டு வச்சா நீ மனசு விட்ருவல்லா. மனசு விட்டவ மருந்து முழுங்குவாளா?"

தோழி குனிந்து மேசையில் எதையோ தேடத் தொடங்கினாள். எனக்கு வந்தது கோபம்தான். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா, ஏதாவது ஆகியிருந்தால் உங்கள் மகனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று, ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரிந்தும், அந்த அறை அதிர அவரைத் திட்டினேன். திட்டத் திட்ட அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் என்ன கெட்ட சேதியோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

அத்தை வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை மேசைமேல் நீட்டி வைத்தார்.

"திட்டுதத வீட்டுல போய்த் திட்டு. மொதல்ல எனக்கு ரத்தம் எடுக்கச் சொல்லு" என்றார்.